பின்னுக்கு இருந்தவனின் பாடம்

புளியங்குளச் சந்தி தெரியாதவர்கள் வடக்கில் குறைவு. வவுனியாவிலிருந்து கண்டி வீதியால் வடக்கே வந்தால் ஓமந்தையைத் தாண்டி வருகிற சந்தி. நெடுங்கேணிக்கும் அதற்கு அங்கால முல்லைத்தீவுப் பக்கத்துக்கும் போகிற றோட்டு இங்கேதான் கிழக்கே பிரிகிறது. யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் இருப்பவருக்கு இது ஒரு நிமிசத்தில் கடந்துபோகிற சில கடைகள். எங்களுக்கு ஊர்.

இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளையாக நான் இரண்டு பாதுகாப்பு வகுப்புகளில் இருந்திருக்கிறேன். முதலாவது சமாதான காலத்தில். எனக்குப் பத்து வயதிருக்கும். மிதிவெடி பற்றிச் சொல்லித்தர ஓர் அண்ணாவும் அக்காவும் வந்திருந்தார்கள். மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை ஒன்றும், உண்மையானதைப் போலவே செய்த மாதிரி வெடிகள் சிலவும் கொண்டுவந்தார்கள். என்னை எழுப்பி, "நீ மாடு தேடிப் போறாய். காலடியில இப்பிடி ஒரு சாமான் கிடக்கு. என்ன செய்வாய்?" என்று அந்த அக்கா கேட்டா. "எடுத்து எறிவன்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவ சிரிக்கவில்லை. என்னையே நடக்கவிட்டு, நிற்கவிட்டு, வந்த காலடியிலேயே திரும்பவிட்டுப் பழக்கினா. நில், தொடாதே, வந்த தடத்தால் திரும்பு, பெரியாக்களிட்டச் சொல்லு. இன்றைக்கு நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

இரண்டாவது, போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகு, உயர்தரம் படிக்கும்போது. அது வீதிப் பாதுகாப்பு வகுப்பு. சுவரில் வீதிக் குறியீடுகளின் படம். எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு தண்டம் என்று ஒரு பட்டியல். ஒரு மணித்தியாலம் நடந்தது. கடைசி வாங்கில் இருந்த எங்களுக்கு அதில் மனதில் நின்றது ஒன்றுதான்: பொலிஸ் வழமையாக எந்தெந்த இடத்தில் நிற்கும் என்று பக்கத்தில் இருந்தவன் காதுக்குள் சொன்னது.

முதலாவது ஏன் நின்றது, இரண்டாவது ஏன் நிற்கவில்லை? பல வருசமாக என்னிடம் இருக்கிற கேள்வி இது. பதில் தேடுவதென்றால் எங்கட றோட்டின் வரலாற்றுக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

வேகம் தெரியாத பிள்ளைகள்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் 321 கிலோமீற்றர் ஓடுகிறது ஏ9. நாங்கள் இப்போதும் கண்டி வீதி என்றுதான் சொல்கிறோம். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வவுனியாவுக்கு வடக்கே அதில் வழமையான போக்குவரத்து நின்றுபோனது. பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றறியும் வன்னிக்கு வருவது அருமை. அப்பாமாரின் மோட்டச்சைக்கிள்கள் துளிப் பெற்றோலில் ஸ்ராட் ஆகி, மண்ணெண்ணெயில் புகை தள்ளிக்கொண்டு ஓடின. மற்றப்படி எல்லாம் சைக்கிள்தான். நெல்மூட்டையும் விறகும் சைக்கிளில் போயின. காய்ச்சல்காரரும் பிள்ளைத்தாய்ச்சியும் கரியரில் போனார்கள். கிடங்கு விழுந்த றோட்டில் ஆசைப்பட்டாலும் ஒருவரும் வேகமாக ஓட முடியாது.

பிறகு 1997 மே 13. ஜயசிக்குறு படை நடவடிக்கை தொடங்கிய நாள். அதன் நோக்கமே இந்த றோட்டைப் பிடித்து வடக்குக்குத் தரைப்பாதை திறப்பது. புளியங்குளம் மாதக்கணக்காகச் சண்டைக்களமாக இருந்தது. சனம் இடம்பெயர்ந்தது. 1999 நவம்பரில் ஓயாத அலைகள் மூன்றின்போது இந்தப் பகுதி மறுபடி கைமாறியது. அந்த இரண்டரை வருசத்தில் இரண்டு பக்கத்திலும் ஆயிரக்கணக்கான இளம் பெடியளும் பெட்டையளும் செத்தது ஒரு றோட்டுக்காக. அவர்கள் போன பிறகும் மண்ணுக்குள் வெடிகள் மிச்சம் இருந்தன.

இந்தப் பழைய கதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. றோட்டு ஆபத்தானது என்று எங்கட தலைமுறைக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் எங்களுக்குத் தெரிந்த ஆபத்து வானத்திலிருந்து வரும். மண்ணுக்குள் கிடக்கும். சென்றியில் துவக்கோடு நிற்கும். எப்போதும் வெளியாலிருந்து வருவது. நாங்களே கையால் முறுக்கி, காலால் கியர் மாற்றிக் கொண்டுவருகிற ஆபத்து ஒன்று இருக்கிறது என்பது எங்கட அனுபவத்திலேயே இருக்கவில்லை.

தண்டக்காரரின் றோட்டு

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை. ஏப்ரலில் கண்டி வீதி திறந்தது. ஓமந்தைச் சோதனை தாண்டி வான்களும் பஸ்களும் லொறிகளும் வரத் தொடங்கின. 1991இல் தொடங்கப்பட்ட தமிழீழக் காவற்துறை அந்த நாட்களில் வேகம் அளக்கிற கருவியோடு றோட்டுக் கரையில் நின்றது. வேகம் கூடினால் தண்டம். வெளியிலிருந்து வந்த பத்திரிகைக்காரர்களுக்கு அது பெரிய புதினம். கெரில்லா இயக்கம் ஒன்று போக்குவரத்துத் தண்டம் எழுதுகிறது என்று எழுதினார்கள். கொழும்பு வான்காரரும் ஓமந்தை தாண்டியதும் அடக்கமாக ஓடினார்கள்.

எங்கட பெரியாக்கள் இதை இப்போதும் சொல்வார்கள்: "அந்த நேரம் ஒழுங்கு இருந்தது." இருந்தது உண்மைதான். ஆனால் அது தண்டத்தின் ஒழுங்கு. 2006 ஓகஸ்டில் பாதை மறுபடி மூடுண்டது. 2009இல் எல்லாம் முடிந்தது. தண்டம் எழுதியவர்கள் இல்லாமல் போனபின் அந்த ஒழுங்கில் எங்களிடம் எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்தால், எங்களுக்குள் எவ்வளவு இறங்கியிருந்தது என்பதும் தெரிந்துவிடும்.

போருக்குப் பிறகு சீருடை மாறியது, முறை மாறவில்லை. எதிரே வருகிறவன் ஹெட்லைற்றை இரண்டு தரம் அடிப்பான். முன்னுக்குப் பொலிஸ் நிற்குதாம். உடனே வேகம் குறையும். தாண்டியதும் கூடும். ஹெல்மெற் முழங்கையில் தொங்கும். சந்தி கிட்டவரத் தலைக்கு ஏறும். தண்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டத்தை இறுக்கினால் சாவு குறையும் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. ஆனால் நெடுங்கேணி றோட்டில், காட்டுக்குள்ளால், இரவு ஒன்பது மணிக்கு உங்களோடு எந்தப் பொலிஸ் வரும்? அந்த நேரத்தில் உங்களோடு இருப்பது பின்சீற்றில் இருக்கிறவர் மட்டும்தான்.

இலங்கைச் சட்டத்துக்கு வயது போதும். மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம். வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபை 1998இல் வந்த திருத்தச் சட்டத்தால் உருவானது. முன்சீற்காரர் பெல்ற் போடுவது 2011 ஒக்ரோபரிலிருந்து கட்டாயம். இவ்வளவும் இருந்தும் நாட்டில் வருசத்துக்கு 2000க்கும் மேற்பட்டோர் றோட்டில் சாகிறார்கள். அதில் பெரிய பங்கு மோட்டச்சைக்கிளில் போனவர்கள். உலக அளவில் பார்த்தால், 5 வயதிலிருந்து 29 வயது வரைக்கும் உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் வீதி விபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். போரையும் பெருநோய்களையும் தாண்டி இது முதலாவது.

காப்பெற்றும் மாடும்

2010க்குப் பிறகு சீனக் கடனில் கண்டி வீதி அகலித்துக் காப்பெற் போடப்பட்டது. 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சி வரைக்கும் வந்தது. அடுத்த வருசம் ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் போனது. அதே காலத்தில் லீசிங் கொம்பனிகளும் வந்தன. கொஞ்சக் காசு கட்டினால் மோட்டச்சைக்கிள் வீட்டு வாசலுக்கு வரும். இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்கிற அண்ணனோ மாமாவோ காசு அனுப்புவார்கள். சோதினை பாஸ் பண்ணினால் மோட்டச்சைக்கிள், பண்ணாவிட்டாலும் பெடியன் மனம் விட்டுப்போகாமல் இருக்க மோட்டச்சைக்கிள்.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பதுங்குகுழிக்குள் பிள்ளையை வளர்த்த தாய் தகப்பன், பிள்ளை ஒரு நாளைக்காவது சந்தோசமாக ஓடித் திரியட்டும் என்று நினைப்பது பிழையா?

ஆனால் கணக்கைப் பாருங்கள். றோட்டுப் புதுசு. மோட்டச்சைக்கிள் புதுசு. ஓடுகிறவனுக்குப் 18 வயது. மற்ற எல்லாம் பழசு. இரவில் மாடுகள் தாரின் சூட்டுக்கு றோட்டிலேயே படுத்திருக்கும். உழவு இயந்திரத்தின் பெட்டிக்குப் பின்லைற் இல்லை. அறுவடைக் காலத்தில் பாதி றோட்டில் நெல் காயும். லைற் இல்லாத சைக்கிளில் வயது போனவர்கள் தோட்டத்தால் வருவார்கள். மெதுவாக ஓடுகிற ஊரின் பழக்கங்கள் அப்படியே இருக்க, நடுவால் வேகம் மட்டும் வந்து இறங்கியது. மாட்டுக்கும் பெட்டிக்கும் நெல்லுக்கும் அது தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

2014இல் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டு நானும் என் சிநேகிதனும் நெடுங்கேணிப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தோம். குடிக்கவில்லை. அதை எல்லாரும் முதலில் கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். ஒரு ஹெல்மெற்தான் இருந்தது. இரவில் யார் பிடிக்கப்போகிறார்கள் என்று அதுவும் கண்ணாடியில் தொங்கியது. அவன் நல்லாய் ஓடுவான். அவனுடைய தோளுக்கு மேலால் மீற்றர் முள் ஏறுவது எனக்குத் தெரிந்தது. வயிற்றுக்குள் ஒரு பயம் வந்ததும் நினைவிருக்கிறது. விறகு ஏற்றிய பெட்டி ஒன்று, லைற் இல்லாமல், எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்திருக்கிறது. எனக்குக் கால் முறிந்தது. அவன் ஆஸ்பத்திரி போகிற வழியில் போய்விட்டான்.

அந்தியேட்டிக்கு ஊன்றுகோலோடு போனேன். அவனுடைய அம்மா எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டா: "நீ பின்னுக்குத்தானே தம்பி இருந்தனி. மெல்லப் போடா எண்டு சொல்லேல்லையே?"

குற்றம் சொல்லிக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டா. நான் பதில் சொல்லவில்லை. பதில் இதுதான்: இல்லை அம்மா, சொல்லேல்லை. சொன்னால் பயந்தவன் எண்டு நினைப்பான் எண்டு சொல்லேல்லை. அவன் ஓடுறான், நான் இருக்கிறன், இருக்கிறவனுக்கு என்ன கதை எண்டு நினைச்சனான்.

மற்ற ஊர்கள் படித்த விதம்

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இதைப்பற்றி வாசிக்கத் தொடங்கினேன். மூன்று கதைகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது இங்கிலாந்தில். 1935 மே மாதம், அரேபியப் பாலைவனப் போரால் பேர்பெற்ற ரி. ஈ. லோறன்ஸ், சைக்கிளில் வந்த இரண்டு பெடியன்களுக்கு விலத்தப்போய் மோட்டார் சைக்கிளிலிருந்து எறியப்பட்டார். தலையில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. ஆறு நாளில் இறந்தார். அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர். அவருக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. போரின் முதல் 21 மாதத்தில் பிரித்தானிய வீதிகளில் 2279 மோட்டார் சைக்கிள்காரரும் பின்னுக்கு இருந்தவர்களும் செத்தார்கள் என்று 1941இல் அவர் கணக்கு எழுதினார். குண்டு விழுகிற நாட்டில், குண்டு படாமல் செத்தவர்களின் கணக்கு அது. ஹெல்மெற் போட்டவர்களுக்குத் தலைக்காயம் கடுமையாகவில்லை என்றும் காட்டினார். இராணுவம் தன் தகவல் காவிகளுக்கு ஹெல்மெற்றைக் கட்டாயமாக்கியது. பொதுச் சனத்துக்கு அது சட்டமானது 1973இல். கண்டுபிடித்ததற்கும் சட்டத்துக்கும் நடுவில் 32 வருசம்.

இரண்டாவது அமெரிக்காவில். 1930களிலிருந்து அங்கே உயர்பள்ளிகளில் வாகனம் ஓட்டப் படிப்பித்தார்கள். அது உயிர் காக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். 1970களின் கடைசியில் ஜோர்ஜியா மாநிலத்தின் டிகால்ப் கவுண்ரியில் சுமார் 16,000 மாணவர்களைப் பிரித்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதிக்கு மிக நல்ல பயிற்சி, ஒரு பகுதிக்குச் சுருக்கமான பயிற்சி, ஒரு பகுதிக்குப் பள்ளியில் ஒன்றுமே இல்லை. நல்ல பயிற்சி பெற்றவர்களுக்கு முதல் சில மாதம் கொஞ்சம் நன்மை தெரிந்தது. பிறகு வித்தியாசம் கரைந்துபோனது. நல்லாய் ஓடத் தெரிவதும் பத்திரமாய் ஓடுவதும் ஒன்றல்ல என்பதுதான் அதன் பாடம். என் சிநேகிதனும் நல்லாய்த்தான் ஓடினான்.

மூன்றாவது நியூசிலாந்தில். 1987இல் அவர்கள் லைசென்ஸைப் படிப்படியாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். நடுப்படியில் இருக்கிற இளைஞர் இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை தனியே ஓடக்கூடாது. மூத்த சாரதி பக்கத்தில் இல்லாமல் ஆட்களையும் ஏற்றக்கூடாது. புதுசாக ஓடுகிறவருக்கு ஆபத்தான இரண்டு விசயத்தை, இரவையும் கூட்டாளிகளையும், முதலில் விலக்கி வைத்தார்கள். கூட்டாளிகள் ஏன்? 16, 17 வயதுச் சாரதி சாகும் ஆபத்து, கூட ஏறுகிறவர்களின் எண்ணிக்கையோடு கூடுகிறது என்று 2000இல் அமெரிக்க மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் வந்த ஆய்வு காட்டியது. பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் அந்த ஆபத்து குறைகிறது என்று பிறகு வந்த ஆய்வு சொன்னது.

அதாவது, கூட இருக்கிறவர் சும்மா இருக்கிற பாரம் அல்ல. அவர் இருப்பதே ஓட்டத்தை மாற்றுகிறது. கூட்டியும் விடலாம், குறைக்கவும் செய்யலாம்.

மிதிவெடி அக்கா சொல்லித்தந்தது

இப்போது என் முதல் கேள்விக்கு வருகிறேன். 2002க்குப் பிறகு யுனிசெப்பின் ஆதரவோடு வடகிழக்கில் நடந்த மிதிவெடி ஆபத்துக் கல்வி, எங்கட மண்ணில் நடந்த மிகச்சிறந்த பாதுகாப்புக் கல்வி என்பது என் எண்ணம். வெடி அகற்றினவர்களின் உழைப்போடு இதுவும் சேர்ந்து எத்தனையோ காலையும் உயிரையும் காத்தது. அது ஏன் எங்களுக்குள் இறங்கியது?

அவர்கள் தண்டத்தைப் பற்றிப் பேசவில்லை. மிதிவெடி தண்டம் எழுதாது, ஹெட்லைற் அடித்து அதைத் தப்பவும் முடியாது. எங்கட ஊரையே உதாரணமாக எடுத்தார்கள்: மாடு, விறகு, குளக்கட்டு, பற்றைக்காடு. சொல்லை மட்டும் தராமல் உடம்பைப் பழக்கினார்கள். முக்கியமாக, சின்னப் பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். "அப்பா காட்டுக்க இறங்கினா நீ என்ன சொல்லுவாய்?" என்று கேட்டார்கள். பத்து வயதில் நான் என் அப்பாவின் சாரத்தைப் பிடித்து இழுத்து நிற்பாட்டியிருக்கிறேன். அவரும் நின்றிருக்கிறார். அது மரியாதைக் குறைவு என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதே பிள்ளைதான் இருபது வயதை அண்டி, சிநேகிதனின் பின்சீற்றில், வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் றோட்டுப் பாடத்தில் பின்னுக்கு இருந்தவனுக்கு வேலை ஒன்றும் தரப்படவில்லை. பாடம் முழுக்க ஓடுகிறவனுக்கு. அதுவும் பிடிபடாமல் ஓடுகிறவனுக்கு.

ஆகவே எங்கட பள்ளிக்கூடங்களுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் நான் கேட்பது பெரிய விசயம் அல்ல. வீதிப் பாதுகாப்பு வகுப்பைப் பின்சீற்றிலிருந்து தொடங்குங்கள். ஒரு பெடியனையும் பெட்டையையும் எழுப்பி, "முள் எண்பதில நிக்குது, இரவு, உன்ர கூட்டாளி ஓடுறான். நீ என்ன சொல்லுவாய்? சொல்லிக் காட்டு" என்று கேளுங்கள். வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும். வாயால் ஒருக்கால் சொல்லிப் பழகினால்தான் தேவைப்படும்போது வார்த்தை வரும். "மெல்லப் போ." "ஹெல்மெற் ரெண்டு இல்லாட்டி நான் ஏறேல்லை." "மூண்டாவது ஆளா நான் வரேல்லை, பஸ்ஸில வாறன்." "நிப்பாட்டு, நான் இறங்கப்போறன்." பஸ்ஸிலும் இதுதான். முன்னுக்குப் போகிற பஸ்ஸோடு போட்டி போடுகிற சாரதியிடம் ஐம்பது பேர் இருந்தும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஓர் அம்மா எழும்பிக் கத்தினால் மற்ற நாற்பத்தொன்பது பேரும் சேர்ந்து கத்துவார்கள். நான் கண்டிருக்கிறேன்.

ஓடுகிறவனுக்கும் ஒரு பாடம் உண்டு: பின்னுக்கு இருக்கிறவர் மெல்லப் போகச் சொன்னால் அது உன் ஓட்டத்துக்கு அவமானம் அல்ல. பெட்டி வைத்திருக்கிற கமக்காரருக்கும் உண்டு: பின்னால் ஒட்டுகிற சிவப்பு மினுக்கத் தாளுக்கு ஒரு நேரத் தேத்தண்ணிக் காசு போதும். வெளிநாட்டிலிருந்து மோட்டச்சைக்கிளுக்குக் காசு அனுப்புகிற அண்ணனுக்கும் உண்டு: இரண்டு ஹெல்மெற்றுக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

1997இல், புளியங்குளத்தில் சண்டை நடந்த அதே வருசம், சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் ஒரு தீர்மானம் எடுத்தது. வீதியில் ஒரு சாவும் ஏற்றுக்கொள்ளத்தக்கதல்ல, பூச்சியம்தான் இலக்கு என்பது அந்தத் தீர்மானம். அந்த நேரம் எங்களுக்கு இது கேட்டிருந்தால் பைத்தியக்காரக் கதையாகத்தான் இருந்திருக்கும். சாவு எங்களுக்கு அவ்வளவு வழமையாகியிருந்தது. இப்போதும் ஒரு விபத்துச் செய்தி வந்தால் "விதி" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்புகிறோம். செல்லுக்கு விதி என்று சொன்னோம். மிதிவெடிக்கு மட்டும் ஏனோ அப்படிச் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பித்தோம்.

போன கிழமை சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது தெரிந்த பெடியன் ஒருத்தன் வந்து, "ஏறுங்கோ அண்ணை, நான் விட்டுவிடுறன்" என்றான். ஹெல்மெற் இருக்கிறதா என்று கேட்டேன். பக்கத்துக் கடையில் ஒன்று இரவல் வாங்கித் தந்தான். கனகராயன்குளம் திரும்பினதும் வேகம் ஏறியது. அதே பயம் அதே இடத்தில் வந்தது. தோளில் தட்டி, "தம்பி, கொஞ்சம் மெல்லப் போ" என்றேன்.

சிரித்தான். "பயமோ அண்ணை?"

"ஓம்" என்றேன்.

குறைத்தான்.